எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி

வாசகர் கேள்வி – பதில்

ஐரோப்பிய மொழிகளில் உயிரெழுத்தின் மேல் வரும் இரட்டைப் புள்ளியைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கீழே ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று வருவதெல்லாம் ரோமன் எழுத்துகளின் பெயர்கள். 'புள்ளி ஓ' என்றால் தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஓ. இது மட்டும் நினைவிருந்தால் போதும்.

கேள்வி: சிட்ரோயன் கார், முல்லர் என்ற ஜெர்மன் பெயர், கார் பந்தய வீரர் கிமி ரைக்கோனன் – மூன்று பெயரிலும் எழுத்தின் மேல் இரண்டு புள்ளி இருக்கிறது. மூன்றும் ஒரே குறிதானா? (வாசகர், கோயம்புத்தூர்)

பார்வைக்கு ஒன்று, வேலையில் மூன்று.

முல்லரில் இருப்பது ஜெர்மன் 'உம்லவுட்'. இது ஒலி மாறியதற்கான அடையாளம். எப்படி மாறியது என்று புரிந்துகொள்ள நம் பேச்சைக் கவனித்தாலே போதும். இலை என்பதை எலை என்கிறோம், உடம்பை ஒடம்பு என்கிறோம், குடையைக் கொடை என்கிறோம். அடுத்த அசையில் இருக்கும் அகரமோ ஐகாரமோ முன்னால் நிற்கும் இகர உகரங்களை எகர ஒகரமாக இறக்கிவிடுகிறது. பழைய ஜெர்மனில் இதே வகை வேலையை இகரம் செய்தது. அடுத்த அசையில் இகரம் வந்தால் முந்தைய உயிர் வாயின் முன்பக்கம் நகர்ந்தது. விருந்தாளி 'கஸ்ட்', அதன் பன்மை 'கெஸ்டி'. காலப்போக்கில் கடைசி இகரம் தேய்ந்து மங்கிவிட்டது, அது இழுத்துவிட்ட உயிர் மட்டும் அப்படியே நின்றது. இன்றைய பன்மை 'கெஸ்டெ', எழுதுவது புள்ளி ஏ போட்டு. ஆங்கிலத்தில் ஃபுட் – ஃபீட், மவுஸ் – மைஸ் என்று பன்மை கோணிக்கொண்டு வருவதற்கும் இதுதான் காரணம். ஆங்கிலம் எழுத்தையே மாற்றிக்கொண்டது, ஜெர்மன் புள்ளி வைத்துக்கொண்டது.

அந்தப் புள்ளி முதலில் புள்ளியே அல்ல. ஏ, ஓ, யூ-வின் தலையில் சின்னதாக ஓர் ஈ எழுதிவந்தார்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் ஈ என்பது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு செங்குத்துக் கீற்றுகள் போல இருக்கும். கீற்று குறுகிக் குறுகிப் புள்ளியானது. புள்ளி போட வசதியில்லாத இடத்தில் ஜெர்மானியர் பக்கத்தில் ஓர் ஈ சேர்ப்பது இதனால்தான்.

சிட்ரோயனில் இருப்பது பிரிப்புக் குறி. பிரெஞ்சில் 'த்ரேமா' என்பார்கள். 'எனக்கு முன்னால் இருக்கும் எழுத்தோடு என்னைச் சேர்த்துப் படிக்காதே' என்பது மட்டுமே அது சொல்லும் செய்தி. ஆந்த்ரே சிட்ரோயனின் குடும்பம் நெதர்லாந்திலிருந்து வந்தது. டச்சு மொழியில் ஓ-வும் ஈ-யும் சேர்ந்தால் ஊகாரம், 'சிட்ரூன்' என்றால் எலுமிச்சை. பாரீசில் ஈ-யின் தலையில் புள்ளி ஏறியதும் 'சிட்ரோ-என்' ஆகிவிட்டது.

ரைக்கோனன் ஃபின்லாந்துக்காரர். ஃபின்னிஷில் புள்ளி ஏ, புள்ளி ஓ இரண்டும் தனித்தனி எழுத்துகள், ஏ-வுக்கும் ஓ-வுக்கும் கீழ்ப்பட்டவை அல்ல. நம் ன, ண போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சிப் பந்தயப் பட்டியலில் புள்ளி இல்லாமல் அவர் பெயரைப் போடுவது, 'மணம்' என்பதை 'மனம்' என்று அச்சடிப்பது மாதிரி.

கேள்வி: ஜெர்மனில் புள்ளியை விட்டுவிட்டால் பொருள் மாறுமா, இல்லை உச்சரிப்பு மட்டும்தானா? (கல்லூரி மாணவி, திருச்சி)

நன்றாகவே மாறும். 'ஷோன்' என்றால் 'ஏற்கெனவே', அதே சொல்லில் புள்ளி ஓ வந்தால் 'அழகான'. 'ட்ருக்கன்' அச்சடிப்பது, புள்ளி யூ வந்தால் அழுத்துவது. 'ஃபோர்டர்ன்' என்றால் வற்புறுத்திக் கேட்பது, புள்ளி ஓ வந்தால் ஆதரித்து வளர்ப்பது. விண்ணப்பக் கடிதத்தில் இந்தக் கடைசி ஜோடி மாறிவிட்டால் தொனியே கெட்டுவிடும். 'முட்டர்' தாய், புள்ளி யூ போட்டால் தாய்மார்கள். 'கொன்டெ' என்றால் 'முடிந்தது', புள்ளி ஓ வந்தால் 'முடியக்கூடும்'. இலக்கணத் தேர்வில் மதிப்பெண் பறிக்கக்கூடிய இணை இது.

உச்சரிப்புக்கு: புள்ளி யூ வேண்டுமானால் 'ஈ' என்று இழுங்கள், நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ' சொல்வதுபோல் குவியுங்கள். புள்ளி ஓ-வுக்கு 'ஏ' என்று தொடங்கி உதட்டை 'ஓ'வாக்குங்கள். பெரும்பாலோர் செய்யும் பிழை, உதட்டோடு நாக்கையும் பின்னால் இழுத்துவிடுவது. அப்போது வெறும் ஊ, ஓ-தான் வரும். விசிலடிப்பதுபோல் உதட்டை வைத்துக்கொண்டு 'ஈ' சொல்லிப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். புள்ளி ஏ-வில் சிக்கல் இல்லை, ஜெர்மனில் அது நம் எகர ஏகாரத்துக்குப் பக்கத்தில் வரும். ஃபின்னிஷில் மட்டும் வாய் இன்னும் திறக்க வேண்டும், 'கேட்' என்று ஆங்கிலத்தில் பூனையைச் சொல்லும்போது வருகிற உயிர் அது.

கேள்வி: என் மகள் ஜெர்மானியரை மணந்திருக்கிறாள். குடும்பப் பெயரில் யூ மேல் புள்ளி. பாஸ்போர்ட்டில் ஓரிடத்தில் புள்ளியோடும் இன்னோரிடத்தில் யூ-வுக்குப் பின் ஈ சேர்த்தும் இருக்கிறது. விமான டிக்கெட்டில் எதை எழுதுவது? (வாசகி, சென்னை)

பாஸ்போர்ட்டில் தவறு எதுவும் இல்லை. படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கிறதல்லவா, வரிக்கு 44 இடம், இயந்திரம் படிப்பதற்கானது. அங்கே புள்ளி வைத்த எழுத்துக்கு அனுமதி கிடையாது. அதனால் ஜெர்மன் பாஸ்போர்ட்டில் புள்ளி யூ அங்கே யூ-ஈ ஆகும், புள்ளி ஓ ஓ-ஈ ஆகும், புள்ளி ஏ ஏ-ஈ ஆகும். டிக்கெட்டில் எழுத வேண்டியது இந்த அடிவரியில் இருப்பதை, எழுத்துக்கு எழுத்து அப்படியே.

ஆனால் இதையே எல்லா நாட்டுக்கும் விதியாக்கிவிடாதீர்கள். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் பட்டியல் புள்ளி யூ-வுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றுகளை அனுமதிக்கிறது. வெறும் யூ-வும் அதில் உண்டு. பிரெஞ்சுப் பெயரில் வரும் புள்ளி ஈ-க்கும் புள்ளி ஐ-க்கும் புள்ளியை எடுத்துவிடுவது மட்டுமே வழி, எதையும் சேர்க்கக் கூடாது. ஆக, மூளையால் மாற்றாமல் கண்ணால் பார்த்து எழுதுவதே பத்திரம். புள்ளியை விட்டுவிட்டு ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தால், பயண நாளுக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

ஜெர்மனிக்குள் வங்கி, வாடகை ஒப்பந்தம், பதிவு அலுவலகம் எல்லாவற்றிலும் புள்ளியோடுதான் எழுத வேண்டும். அங்கே யூ-ஈ எழுதும் முல்லரும் புள்ளி யூ எழுதும் முல்லரும் இரண்டு வெவ்வேறு குடும்பப் பெயர்கள். கவிஞர் கதேயின் பெயரில் ஓ-ஈதான் சரி, அதைப் புள்ளி ஓ-வாக்கினால் பிழை. சுவிட்சர்லாந்தில் ஊர்ப்பெயரின் முதலெழுத்தாக வரும்போது ஓ-ஈ என்றே எழுதுவது வழக்கம். சூரிச் நகரின் ஏர்லிக்கோன் பகுதி அப்படித்தான், சூரிச் என்ற பெயரின் நடுவில் வரும் யூ-வுக்கு மட்டும் புள்ளி உண்டு.

எதிர்த்திசையில் நடக்கும் விபத்து ஒன்றும் இருக்கிறது. 'ஏ-ஈ வரும் இடமெல்லாம் புள்ளி ஏ ஆக்கு' என்று கணினிக்குக் கட்டளை கொடுத்தால் மைக்கேல், ரஃபேல் எல்லோரும் உருக்குலைந்து போவார்கள். யூ-ஈயை மாற்றினால் சாமுவேலும் இம்மானுவேலும் போச்சு. புள்ளியிலிருந்து ஈ-க்குப் போகலாம், ஈ-யிலிருந்து புள்ளிக்கு இயந்திரத்தை நம்பித் திரும்ப முடியாது.

கேள்வி: சுவீடனில் வேலைக்கு வந்திருக்கிறேன். அலுவலகப் பெயர்ப் பட்டியலில் ஓ வரிசையில் தேடினால் புள்ளி ஓ-வில் தொடங்கும் 'ஏரெப்ரோ' என்ற ஊர்ப்பெயர் கிடைக்கவில்லை. எங்கே போனது? (வாசகர், ஸ்டாக்ஹோம்)

கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ஸ்வீடிஷ் அகரவரிசையில் 29 எழுத்துகள். இசட்-டுக்குப் பிறகு வட்டம் வைத்த ஏ, புள்ளி ஏ, புள்ளி ஓ. எனவே ஏரெப்ரோ எல்லாவற்றுக்கும் கடைசி. ஃபின்லாந்திலும் இதே வரிசை. ஜெர்மனியிலோ இரண்டு வழக்கம். அகராதி என்றால் புள்ளியைக் கண்டுகொள்ளாமல் ஏ-வாகவே வரிசைப்படுத்துவார்கள், தொலைபேசிப் பட்டியல் போன்ற பெயர்ப் பட்டியல் என்றால் ஏ-ஈ என்று விரித்து வரிசைப்படுத்துவார்கள். எக்செலில் மொழி அமைப்பு மாறினால் அதே பட்டியல் வேறு வரிசையில் வருவதற்கு இதுவே காரணம்.

ஸ்வீடிஷில் புள்ளி ஓ தனியாகவே ஒரு சொல். பொருள், தீவு. மால்மோவின் கடைசி எழுத்தும் அதுதான். டென்மார்க்கிலும் நார்வேயிலும் அதே ஒலிக்குப் புள்ளி கிடையாது, ஓ-வின் குறுக்கே ஒரு கோடு. 2000ஆம் ஆண்டில் மால்மோவையும் கோபன்ஹேகனையும் இணைத்துப் பாலம் திறந்தபோது பெயருக்கே பேரம் நடந்ததுபோல, முதலெழுத்து டேனிஷ் கோட்டு ஓ, சொல்லின் கடைசிப் பகுதி ஸ்வீடிஷ் என்று பாலத்தை நடத்தும் நிறுவனம் எழுதுகிறது. இரு நாட்டு அகராதியிலும் அந்தச் சொல் இல்லை!

ஃபின்னிஷில் இன்னொரு கட்டுப்பாடு. ஏ, ஓ, யூ ஓர் அணி. புள்ளி ஏ, புள்ளி ஓ, ஒய் எதிரணி. ஒரு சொல்லுக்குள் இரண்டு அணியும் கலப்பதில்லை, கூட்டுச்சொல்லுக்கும் கடன்சொல்லுக்கும் மட்டும் விலக்கு. வேற்றுமை உருபும் அணி பார்த்தே ஒட்டும். வீட்டில் என்பதற்கு 'தாலொஸ்ஸா', கிராமத்தில் என்பதற்கு 'க்யுலஸ்ஸ' – பின்னதில் உருபின் ஏ-வுக்குப் புள்ளி உண்டு. 'ஸா' என்றால் 'பெறுகிறார்', இரண்டு ஏ-வுக்கும் புள்ளி வைத்தால் 'வானிலை'.

கேள்வி: பிரெஞ்சு, டச்சு, ஸ்பானிஷ் மூன்றிலும் இது பிரிப்புக் குறி என்றால் விதியும் ஒன்றுதானே? (வாசகர், புதுச்சேரி)

கொள்கை ஒன்று, நடைமுறை வேறு. பிரெஞ்சில் ஏ-ஐ சேர்ந்தால் 'எ' ஒலி. 'மே' என்றால் 'ஆனால்'. ஐ-யின் மேல் இரட்டைப் புள்ளி வைத்தால் 'மாயீஸ்', அதாவது மக்காச்சோளம். கிறிஸ்துமஸைக் குறிக்கும் 'நோயெல்' இன்னொரு உதாரணம். தமிழுக்கு இந்தத் தொல்லையே வராது, இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக நடுவில் புகுந்துவிடுகிறது.

டச்சுக்காரர்கள் தாராளமாக வைப்பார்கள். கடல் 'ஸே', இரண்டு ஈ. பன்மையில் மூன்றாவது ஈ வருவதால் அதன் தலையில் புள்ளி. இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று எண்ணை எழுத்தால் எழுதினாலும் நடுவில் புள்ளி ஈ. 1996இல் நடைமுறைக்கு வந்த எழுத்துத் திருத்தம் கூட்டுச்சொற்களில் புள்ளிக்குப் பதில் இணைகோட்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன் 'கடல் வாத்து' என்ற சொல்லில் நான்கு ஈ வரிசையாக நின்றன. அச்சுக்கோப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: வரி முடிவில் சொல் சரியாக அந்த இடத்தில் உடைந்தால் டச்சில் புள்ளி மறைந்துவிடும், வரி உடைந்ததே பிரிப்பைக் காட்டிவிடுகிறதே! ஜெர்மன் உம்லவுட்டை அப்படி எடுக்க முடியாது, அது ஒலியின் பகுதி.

ஸ்பானிஷில் யூ-வுக்கு மட்டும், அதுவும் ஜி-க்குப் பின்னால் ஈ அல்லது ஐ-க்கு முன்னால் நிற்கும்போது மட்டும். அந்த இடத்தில் சாதாரண யூ ஊமை. புள்ளி வைத்தால் வாய் திறக்கும். பென்குயின் அங்கே 'பிங்குயினோ', புள்ளி உண்டு. சே குவேரா பெயரில் புள்ளி இல்லை, எனவே ஸ்பானிஷ் உச்சரிப்பு 'கெவாரா'. நாம் ஆண்டாண்டாக ஊமை எழுத்தைப் பேசவைத்துக்கொண்டிருக்கிறோம். பிரேசிலில் இதே குறி போர்ச்சுகீசியத்திலும் இருந்தது, 1990 எழுத்துமுறை ஒப்பந்தத்தின்படி 2009 முதல் விலக்கினார்கள். உச்சரிப்பு மாறவில்லை, எழுத்திலிருந்த துப்பு மட்டும் போய்விட்டது. எங்கள் பார்வையில் நஷ்டம் புதிதாக மொழி கற்பவருக்குத்தான்.

கேள்வி: துருக்கி, ஹங்கேரி மொழிகளிலும் ஜெர்மன் மாதிரி ஈ சேர்த்து எழுதலாமா? (வாசகர், மதுரை)

வேண்டாம். இரண்டிலும் ஒலி ஏறத்தாழ ஜெர்மன் போலத்தான், ஆனால் பக்கத்தில் ஈ சேர்த்தால் வேறு சொல்லாகத் தெரியும். துருக்கியில் 'ஓல்து' என்றால் 'ஆயிற்று', ஓ-வுக்கும் யூ-வுக்கும் புள்ளி வைத்தால் 'இறந்தார்'. குறுஞ்செய்தியில் கவனம்.

துருக்கியில் ஒற்றைப் புள்ளியும் வம்பு செய்யும். 1928இல் ரோமன் எழுத்துக்கு மாறியபோது ஐ-யை இரண்டாக்கினார்கள்: புள்ளி உள்ளது, புள்ளி இல்லாதது. புள்ளியுள்ள சிறிய ஐ-யின் பெரிய எழுத்துக்கும் புள்ளி உண்டு, புள்ளியில்லாத பெரிய ஐ-யைச் சிறிதாக்கினால் புள்ளியில்லாத சிறிய ஐ. மென்பொருளில் பெரிய எழுத்தைச் சிறியதாக்கி ஒப்பிடும் நிரல், துருக்கி மொழி அமைப்புள்ள கணினியில் தோற்றுப்போவதற்குக் காரணம் இதுதான். நிரலுக்குள் இருக்கும் பெயர்களை ஒப்பிடும்போது மொழி சாராத மாற்றத்தைப் பயன்படுத்துங்கள்.

ஹங்கேரியனில் குறிலுக்கு இரட்டைப் புள்ளி, நெடிலுக்கு அதே இடத்தில் சாய்ந்த இரட்டைக் கோடு. 'எத்' குறிலானால் ஐந்து, நெடிலானால் 'அவரை'. கணினியில் எழுத்துக்கு எண் கொடுக்கும் மேற்கு ஐரோப்பியப் பழைய குறியீட்டுத் தொகுப்பில் இந்தக் கோட்டு எழுத்துகள் இல்லை. அங்கே 245, 251 என்ற இடங்களில் அலைக்கோட்டு ஓ-வும் கூரை வைத்த யூ-வும் இருந்தன, கிழக்கு ஐரோப்பியத் தொகுப்பில் அதே இடங்களில்தான் ஹங்கேரிய நெடில்கள். பழைய ஹங்கேரியக் கோப்புகளில் ஓ-வின் மேல் அலை நெளிந்தால் தொகுப்பு மாறிவிட்டது என்று பொருள். சோதிக்க ஹங்கேரியர் வைத்திருக்கும் சொற்றொடர் 'வெள்ளம் தாங்கும் கண்ணாடித் துளைப்பான்'. அந்த மொழியின் குறியேறிய ஒன்பது உயிரும் அதற்குள் இருக்கின்றன.

கேள்வி: சோவியத் தலைவர் பெயர் கோர்பச்சேவா, கோர்பச்சோவா? (வாசகர், நாகர்கோவில்)

'கர்பச்சோஃப்' என்பதே ரஷ்ய உச்சரிப்புக்கு அருகில். ரஷ்ய ஈ-யின் மேல் இரட்டைப் புள்ளி வைத்தால் 'யோ', சகரத்தின் பின் 'ஓ'. 1783இல் இளவரசி தஷ்கோவா முன்மொழிந்த எழுத்து. ஆனால் அச்சில் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், ரஷ்யருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. அதனால்தான் கோர்பச்சேவும் குருஷேவும் உலகெங்கும் ஏகாரம் பெற்றார்கள். உக்ரேனியத்தில் ஐ-யின் மேல் இரட்டைப் புள்ளி 'யி'. கீயிவ் நகரின் பெயரில் வருவது அது.

கேள்வி: தட்டச்சு செய்வது எப்படி? கோப்பைத் திறந்தால் முல்லர் பெயரின் நடுவே கால் பின்னம் வருகிறதே? (வாசகர், பெங்களூரு)

கைபேசியில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் மேலே வரிசை வரும். விண்டோஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் 0228 (புள்ளி ஏ), 0246 (புள்ளி ஓ), 0252 (புள்ளி யூ). பெரிய எழுத்துக்கு 0196, 0214, 0220. புள்ளி ஈ 0235, புள்ளி ஐ 0239. மேல்வரிசை எண்களில் வேலை செய்யாது, நம்லாக் எரிய வேண்டும். மேக்கில் ஆப்ஷனும் யூ-வும் சேர்த்து அழுத்தி விட்டு, பிறகு உயிரெழுத்து. ஜெர்மன் விசைப்பலகை அமைப்பைச் சேர்த்தால் இன்னும் வேகம், ஆனால் ஒய்-யும் இசட்-டும் இடம் மாறிவிடும். கடவுச்சொல் திடீரென்று தவறாகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கால் பின்னம் வருவது ஏன் என்றால், யூடிஎஃப்-8 என்ற இன்றைய எழுத்துக் குறியீட்டு முறையில் புள்ளி யூ இரண்டு பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. திறக்கும் மென்பொருள் அதைப் பழைய முறை என்று எண்ணி இரண்டு தனி எழுத்தாகக் காட்டுகிறது: அலைக்கோட்டு ஏ, அடுத்து கால் பின்னம். அதைக் கையால் திருத்திச் சேமிக்காதீர்கள். எக்செலில் கோப்பை நேரடியாகத் திறக்காமல் டேட்டா பகுதி வழியாக இறக்குமதி செய்து, குறியீடு 65001 என்று தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும்.

தேடினால் கிடைக்காத பெயர் வேறு நோய். புள்ளி யூ ஒரே குறியீடாகவும் (252) இருக்கலாம், யூ (117) தனி, மேலேறும் புள்ளி (776) தனி என்று இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தமிழில் 'கொ'வின் ஒகரக் குறியும் ஒரே குறியீடாகவோ, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவோ இருக்கலாம் அல்லவா, அதே கதை. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு, அதாவது துண்டுகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் வடிவத்துக்கு, கொண்டுவாருங்கள்.

கேள்வி: உயிரெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் தமிழில் இருந்ததுண்டா? (தமிழாசிரியர், தஞ்சாவூர்)

இருந்தது. 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்ற தொல்காப்பிய நூற்பாவுக்கு அடுத்ததே 'எகர ஒகரத்து இயற்கையும் அற்றே' என்பது. அதாவது எ, ஒ இரண்டும் குறில் என்று காட்டப் புள்ளி பெற்றன, நெடில் புள்ளியின்றி நின்றது. ஓலையில் புள்ளியை விட்டு எழுதும் வழக்கத்தால் குறிலா நெடிலா என்ற ஐயம் படிப்பவர் தலையில் விழுந்தது. இன்று நாம் எழுதும் ஏ, ஓ வடிவ வேறுபாடு வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சீர்திருத்தம். ஹங்கேரியில் குறிலுக்குப் புள்ளி என்று மேலே படித்தீர்களே, உறவு எதுவும் இல்லை, தற்செயல்தான்.

கேள்வி: ஹாகன்-டாஸ் ஐஸ்கிரீம் பெயரில் உள்ள புள்ளி எந்த மொழி? (வாசகி, சேலம்)

எந்த மொழியும் இல்லை. நியூயார்க்கில் ரூபன் மாட்டஸ் தொடங்கிய நிறுவனம் அது. டென்மார்க் சாயல் வேண்டும் என்று பெயரைப் புனைந்தார், டேனிஷ் அகரவரிசையில் புள்ளி ஏ கிடையாது. மோட்டர்ஹெட் முதலான ராக் இசைக்குழுக்களின் பெயரில் வரும் புள்ளியும் இதே ரகம், அலங்காரம். படிக்கும்போது விட்டுவிடலாம்.